கால் கிலோ சிறுநீரகமும் பத்துக் கிலோ தசையும்

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அமெரிக்காவில் எடைக்குறைப்புத் திட்டங்களில் சேரும் கறுப்பினப் பெண்களுக்கு எடை அவ்வளவாகக் குறைவதில்லையாமே, ஒழுங்காகச் செய்வதில்லையா?"

அப்படியில்லை. ஆனால் கேள்வியில் உள்ள தகவல் சரிதான். 2017-18 அரசுக் கணக்கெடுப்பில் அங்குள்ள கறுப்பினப் பெண்களில் 56.9 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது. வயது வந்தோர் எல்லோரையும் சேர்த்தால் 42.4. 2002-இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் இருந்தார்கள். அளவான சாப்பாடு, வாரம் 150 நிமிட நடை என்று மாறியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அந்தக் குழுவிலும் கறுப்பினப் பெண்களின் எடைதான் குறைவாக இறங்கியது.

இதற்கு ஒரு காரணம் உடலுக்குள்ளேயே இருக்கலாம். சும்மா படுத்திருந்தாலும் உடல் கலோரியைச் செலவழிக்கும். எங்கே போகிறது அது? தசைக்கு என்றுதான் நினைப்போம். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 13 கலோரிதான் எடுக்கும். கொழுப்புக்கு 5 கூட ஆகாது. ஈரலுக்குக் கிலோவுக்கு 200, மூளைக்கு 240, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் 440! சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து கால் கிலோவுக்குச் சற்று அதிகம், உள்ளங்கைகளில் அடங்கிவிடும். பத்துக் கிலோ தசை சாப்பிடுவதை அவை சாப்பிடுகின்றன. ஏன் தெரியுமா? தினமும் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மீதியை, அதில் கரைந்த உப்போடு ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. உப்பை இழுக்கும் அந்த வேலைக்குத்தான் அவ்வளவு செலவு. எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் சலிக்காத கணக்கு.

2006-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த உறுப்புகளை ஸ்கேனில் அளந்தது. கறுப்பினத்தவருக்கு இவற்றின் எடை சராசரியாகச் சற்றுக் குறைவு, அதனால்தான் ஓய்வுச் செலவும் குறைவு என்றது. அப்படியானால் அதே சாப்பாட்டில் கலோரி வரவை மிஞ்சும் செலவும் குறைவு, எடை இறங்குவதும் குறைவுதானே? இது சராசரி, எந்த ஒரு பெண்ணின் தலையெழுத்தும் அல்ல.

உறுப்போடு கதை முடியவில்லை. 103 கறுப்பினப் பெண்களிடம் கேட்டபோது கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர், முடி கெட்டுவிடும் என்று சில சமயம் உடற்பயிற்சியைத் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். காசும் நேரமும் செலவழித்து நேராக்கிய முடி, வியர்வை பட்டால் சுருண்டுவிடும். புது மருந்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்காவது இப்படிக் கேள்வி கேட்கும் ஆய்வுகளுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

வட கரோலினாவில் சமூக நல மருத்துவ மையங்களுக்கு வரும் 194 கறுப்பினப் பெண்களை, 25 முதல் 44 வயது, பெரும்பாலும் குறைந்த வருமானம், இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிடம் வேறு மாதிரி முயன்றார்கள். எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். வாரம் ஒரு தானியங்கித் தொலைபேசி அழைப்பு, மாதம் ஒருமுறை உணவு ஆலோசகரோடு பேச்சு. ஓராண்டில் 62 சதவீதம் பேருக்கு எடை ஏறவில்லை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 45. அழைப்புகள் நின்று ஆறு மாதம் ஆன பிறகும் இரு குழுக்களின் எடையிலும் அந்த வித்தியாசம் இருந்தது.