சாட்: துளைத்துணுக்கு

அந்தக் காலத்துக் கணினிகளுக்குத் தகவலைத் துளைகளாகக் குத்திக் கொடுத்த அட்டையில், துளை போடும்போது வெட்டுப்பட்டு விழும் பொடிக் காகிதத் துண்டுக்கு ஆங்கிலத்தில் சாட் என்று பெயர். எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, குப்பை என்போம். பஞ்சிங் மெஷினுக்கு அடியில் அது விழ ஒரு பெட்டி இருக்கும். சாயங்காலம் கொட்டப் போனால் ஃபேன் காற்றில் பறந்து தலைமுடி, சட்டை மடிப்பு, டிபன் பாக்ஸ் மூடி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் அரை அரிசி அளவுதான்.

சொல்லின் மூலம் தெரியாது என்றே அகராதிகள் போடுகின்றன. சரளைக்கல்லைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல் என்பவர்களும் உண்டு. சாட்லெஸ் (ஆங்கிலத்தில் ‘லெஸ்’ என்றால் இல்லாதது) என்பவர் செய்த கருவியில் துண்டு உதிராததால், உதிர்வது சாட் ஆயிற்று என்று எங்கள் தொழிலில் ஒரு கதை உலவியது. அது வெறும் கட்டுக்கதை.

துளை அட்டைக்கும் மக்களாட்சிக்கும் உறவு பழையது. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணித்தான் மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிக்கிறார்கள். 1890 கணக்கெடுப்பை ஹெர்மன் ஹோலரித்தின் எந்திரங்கள் துளை அட்டை வைத்து எண்ணின. 1960களில் ஜோசப் ஹாரிஸ் என்ற அரசியல் பேராசிரியர் அட்டையையே வாக்குச்சீட்டாக்கினார். வோட்டோமேட்டிக் என்று பெயர். துளை விழ வேண்டிய இடங்கள் முன்பே அரைகுறையாக வெட்டப்பட்டிருக்கும். வாக்காளர் ஒரு கம்பியால் குத்தித் தள்ள வேண்டும்.

தள்ளியது விழாவிட்டால்? 2000 அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவில் பதிவானவை சுமார் 60 லட்சம் வாக்குகள், வேட்பாளர்கள் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே வித்தியாசம் 537. மறுபடி எண்ணும்போது, துளை முழுதாக விழுந்திருக்கிறதா என்று அதிகாரிகள் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். டிசம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை முடித்து வைத்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் அடித்த அட்டையை இன்னொருவர் வெரிஃபையர் என்ற சரிபார்ப்பு எந்திரத்தில் மறுபடி அடிப்பார். ஒத்துப்போகாவிட்டால் மூலத் தாளை எடுத்துப் பார்ப்போம். ஓட்டுக்கு மூலத் தாள் ஏது? அந்த அட்டைதான் மூலம். குத்தியவர் யாரென்பது ரகசியம், கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. சம்பளப் பட்டியலுக்கு நாங்கள் போட்ட காவல்கூட ஒரு மனிதரின் ஓட்டுக்கு இல்லையே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, தமிழில்? சில்லு என்றால் சிப் என்று எடுத்துக்கொள்வார்கள். நறுக்கு நல்ல சொல், ஆனால் ஓலை நறுக்கு எழுதி வைத்துக்கொள்வது, உதிர்ந்து போவதல்ல. துளைத்துணுக்கு என்பதே என் தேர்வு. ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பது தொங்கு துணுக்கு. தொங்கு சட்டசபை கேட்டுப் பழகிய காதுக்கு விளக்கம் வேண்டாம். நான்கு மூலையும் விடாமல் நடுவில் மட்டும் அமுங்கியது குழித்துணுக்கு. அதை ஓட்டாக எண்ணலாமா என்பதில் ஃபுளோரிடாவின் கவுண்டிகளே (நம் மாவட்டம் போன்றவை) ஒன்றுக்கொன்று மாறுபட்டு நின்றன.