பச்சை மரமும் மர ஆணியும்

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் அகழி சூழ ஒரு பழைய நிலக்கிழார் வீடு நிற்கிறது. பெயர் லிட்டில் மோர்ட்டன் ஹால். அதில் நேர்கோட்டைத் தேடினால் கிடைக்காது. தூண்கள் சாய்ந்திருக்கின்றன, மாடித் தரை அலை போல ஏறி இறங்குகிறது, ஜன்னல் வரிசை ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறது. 1504 முதல் 1508 வரையிலான ஆண்டுகளில் வில்லியம் மோர்ட்டன் என்ற நிலக்கிழாருக்காக இதன் முதல் பகுதி எழுந்தது. இடைக்காலத் தச்சர்களின் முறையில் கட்டிய வீடு. இவ்வளவு கோணலாகியும் ஐந்நூறு ஆண்டுகளாக எப்படி நிற்கிறது?

மரத்திலிருந்தே தொடங்கலாம். இன்றைய தச்சர் மரத்தை நன்றாக உலர்த்திவிட்டுத்தான் உளியை எடுப்பார். அன்றைய ஆங்கிலத் தச்சரோ ஓக் மரத்தை வெட்டிய ஈரம் காயும் முன்பே இழைத்துவிடுவார். காரணம் எளிது. பச்சை ஓக் உளிக்கு வளைந்து கொடுக்கும். காய்ந்து வைரம் பாய்ந்த ஓக் உளியையே மழுக்கிவிடும்.

ஆனால் ஈர மரம் காயும்போது சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம்; குறுக்குவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும். அப்படியானால் கட்டி முடித்த சில ஆண்டுகளில் மூட்டுகள் எல்லாம் தளர்ந்துபோக வேண்டுமே? அதைத் தடுப்பது ஒரு சிறிய மர ஆணி. எனக்கு இந்த வீடுகளில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

ஒரு மூட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு சட்டத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கியிருப்பார்கள். இன்னொரு சட்டத்தில் அந்த நாக்கு நுழையும் அளவுக்கு ஒரு குழி. இரண்டையும் கோத்து ஊடாக ஓர் ஆணி அடிக்க வேண்டும். குழியின் பக்கங்களில் போட்ட துளைக்கு நேராக நாக்கில் துளை போடாமல், வேண்டுமென்றே நாக்கின் அடிப்பக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். அதில் உலர்ந்த ஓக்கைப் பிளந்து கூராக்கிய ஆணியை அடித்தால், விலகியிருக்கும் துளைகளின் வழியே அது லேசாக வளைந்துதான் போக முடியும். வளைந்த ஆணி வில் போல விறைத்து நாக்கை உள்ளே இழுக்கிறது. பிறகு மரம் காய்ந்து நாக்கு மெலிந்தாலும் அந்த இழுப்பு விடாது. இரும்பாணியால் இதைச் செய்ய முடியாது. அதோடு, ஈர ஓக்கில் உள்ள டானின் அமிலம் இரும்பை அரித்துவிடும்.

சட்டங்களை முதலில் ஒரு களத்தில் தரையில் கிடத்தி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு எண் வெட்டுவார்கள். ரோமன் எண்கள்தான், நேர்க்கோடுகளாக இருப்பதால் உளியால் வெட்டச் சுலபம். ஒவ்வொரு நாக்கும் அதன் குழிக்கென்றே அளவெடுத்தது என்பதால் எண் மாறினால் பொருந்தாது. அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் மறுபடி கோப்பார்கள். அந்த எண்கள் பல வீடுகளில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

சட்டகம் நிமிர்ந்தாயிற்று. இனி அதைச் சாய்க்கப் பார்க்கும் விசைகள். நான்கு சட்டங்கள் சேர்ந்த செவ்வகம் காற்று தள்ளினால் கோணிக்கொள்ளும். மூலையில் ஒரு குறுக்குச் சட்டம் வைத்து முக்கோணமாக்கினால் கோணாது. இந்த வீடுகளின் சுவரில் தெரியும் வளைந்த சட்டங்கள் பலவும் அந்த வேலையைச் செய்பவைதான்.

அதைவிடப் பெரிய விசை கூரையிலிருந்து வருகிறது. சாய்ந்த கைமரங்கள் தங்கள் பாரத்தால் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரு சுவர்களையும் குறுக்கே பிடித்திருக்கும் விட்டம், வில்லுக்கு நாண் போல, அந்தத் தள்ளலைத் தாங்குகிறது. தூண், சுவரின் மேலுத்திரம், விட்டம் மூன்றும் ஒரே மூலையில் சந்திக்க வேண்டும். அத்தனை மூட்டுகளுக்கும் தூணின் தலையில் இடம் போதாது. தச்சர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தைத் தலைகீழாக நட்டார்கள். வேரை ஒட்டிய அடிப்பகுதி இயல்பாகவே பருத்திருக்குமே, அது மேலே வந்துவிடும். அந்தப் பருத்த தலையில் மூன்று சட்டங்களும் உட்கார்ந்தன.

லிட்டில் மோர்ட்டன் ஹாலின் கோணலுக்கு இங்கேதான் விடை இருக்கிறது. 1560 வாக்கில் தெற்குப் பகுதியைக் கட்டியபோது, முதலில் போட்ட திட்டத்தில் இல்லாத ஒரு நீண்ட கூடத்தை அதன் உச்சியில் ஏற்றினார்கள். 68 அடி நீளம், இரு பக்கமும் ஜன்னல் வரிசை, மேலே கனமான கற்பலகைக் கூரை. கூடம் திறந்தவெளியாகத் தெரிய வேண்டும் என்று குறுக்கு விட்டத்தை விட்டுவிட்டு வளைவுச் சட்டங்களால் கூரையைத் தாங்கினார்கள். நாண் இல்லாத வில் என்னவாகும்? விரியும். கீழ்த்தளங்கள் பாரத்தில் வளைந்தன. கூடத்தில் இன்று தெரியும் குறுக்கு உத்திரங்கள், அது பிளந்துபோகாமல் இருக்க 17ஆம் நூற்றாண்டில் சேர்த்தவையாக இருக்கலாம் என்கிறார்கள். அதே பாரம் கல் சுவரில் இறங்கியிருந்தால் விரிசல் விட்டிருக்கும். மரச் சட்டகமோ ஆணிக்கு ஆணி கொஞ்சம் அசைந்து பாரத்தைப் பகிர்ந்துகொண்டது.

இந்த வீட்டின் பெரிய ஜன்னல்கள் 1559இல் செய்தவை. வீட்டுக்காரரின் பெயரோடு, தன் பெயரையும் செதுக்கி வைத்திருக்கிறார் ரிச்சர்ட் டேல் என்ற தச்சர்.

பாரம் முழுவதும் சட்டகத்தின் மேல் என்பதால் இத்தகைய வீடுகளில் சுவருக்குச் சுமக்கிற வேலை இல்லை. சட்டங்களுக்கு நடுவே ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் என்ற குறுமரத்தின் மிலார்களைப் படல் போலப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். மழையில் நனைந்தாலும் இந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். 20ஆம் நூற்றாண்டில் நல்ல எண்ணத்தோடு இதன் மேல் சிமெண்ட் பூசிய வீடுகள் ஏராளம். விரிசல் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி ஓக்கோடு ஒட்டிக்கிடந்தது. பல நூறு ஆண்டு தாங்கிய சட்டங்கள் சில பத்தாண்டுகளில் மக்கிப்போனதை நினைத்தால் மனசு கனக்கிறது. இப்போது பழுதுபார்க்கும் தச்சர்கள் அந்தச் சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, தூணின் மக்கிய அடியை மட்டும் அறுத்துவிட்டு, புதிய ஓக் துண்டைப் பழைய மரத்தோடு கோத்து மர ஆணி அடிக்கிறார்கள்.