ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் பாடத்தில் விரல் வைத்துக் கடகடவென்று படித்துக் காட்டுவார்கள். அதே பாடத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினால் திகைத்து நின்றுவிடுவார்கள். காதில் விழுந்து மனப்பாடமானதைத்தான் வாய் சொல்லியிருக்கிறது. பெற்றோரும் வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

வாசிப்பில் இரண்டு திறன்கள் சேர்ந்திருக்கின்றன என்று 1986-இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவது ஒன்று, கேட்ட மொழியைப் புரிந்துகொள்வது மற்றொன்று. இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்றார்கள். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். குழந்தை எதில் தடுமாறுகிறது என்று தெரிந்த பிறகுதான் எந்தச் செயல்பாடு என்று முடிவு செய்ய வேண்டும். வகுப்பு கலகலப்பாக இருப்பது மட்டும் போதாது.

எழுத்திலேயே தடுமாற்றம் என்றால், தமிழில் அது பெரும்பாலும் உயிர்மெய்க் குறிகளில்தான் இருக்கும். 'மொ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, ஆனால் ஒலி ஒன்று. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கும் குழந்தை இங்கே குழம்புவது இயல்பு. 'ம' என்ற அட்டையை நடுவில் வைத்துவிட்டு, குறி அட்டைகளை இரு பக்கமும் பிள்ளைகளே மாற்றி மாற்றி வைக்கட்டும். மண், மான், மோர், மேகம் என்று உடனுக்குடன் சொல்லும் உருவாக வேண்டும். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவது என்று காத்திருக்கவே வேண்டாம்.

எழுத்து தெரிந்தும் தடவித் தடவிப் படிக்கிறவர்களுக்குத் தேவை பயிற்சி நேரம். ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசிக்கும் முறையில் அது கிடைக்காது. 40 பேர், 40 நிமிடம் என்றால் ஆளுக்கு 1 நிமிடம். மிச்சம் 39 நிமிடமும் காத்திருப்பு. தடுமாறுகிற பிள்ளைக்கு அந்த 1 நிமிடமும் கூச்சத்திலேயே போய்விடும். இந்த முறையைக் கைவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

மாறாக, ஆசிரியர் ஒரு வரியை வாசிக்க, எல்லோரும் எழுத்தைப் பார்த்துத் திரும்ப வாசிக்கலாம். அப்புறம் இணையாக உட்கார்ந்து வாசிக்கலாம். 10 நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம் கிடைத்துவிடும். இணை சேர்ப்பதில் கவனம் வேண்டும். நன்றாக வாசிப்பவரையும் மிகவும் தடுமாறுபவரையும் சேர்த்தால் இருவருக்கும் சலிப்புதான். 20 பேரை வாசிக்கும் திறன்படி வரிசைப்படுத்தினால், முதலாமவருக்கு 11-ஆவது பிள்ளை, இரண்டாமவருக்கு 12-ஆவது பிள்ளை என்று சேர்ப்பது நல்லது. துணை தடுமாறினால் 3, 4 விநாடி பொறுத்துவிட்டுத்தான் சொல்லைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதையும் பழக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாசிப்பு நாடகம். கதையின் பேச்சு வரிகளைப் பாத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். மனப்பாடம் தேவையில்லை, தாள் கையிலேயே இருக்கும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்று வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-லேயே எழுதினார். ஆனால் 'இன்னொரு தடவை படி' என்று வெறுமனே சொன்னால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும்? நாடகத்தில் ஒத்திகைக்காக அவர்களாகவே நாலைந்து முறை படித்துவிடுகிறார்கள். கோபமா, கெஞ்சலா என்று குரலை மாற்றும்போது பொருளும் பிடிபடுகிறது. கூச்சப்படும் பிள்ளைக்குக் கூட்டத்தின் குரலில் ஒரு வரி கொடுத்தால் போதும்.

சரளமாக வாசித்தும் புரியாதவர்களுக்குக் கதையை வரி வரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லலாம். ஆசிரியர் தினமும் ஒரு கதை வாசித்துக் காட்டுவதும் இவர்களுக்கு அவசியம்.

இவ்வளவுக்குப் பிறகும் பல மாதங்களாக முன்னேற்றமே இல்லையென்றால் 'சோம்பேறி' என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அதில் குறையில்லை என்றால் கற்றல் குறைபாட்டு வல்லுநரிடம் காட்ட வேண்டும். எந்த எழுத்துகளில், எப்படிப்பட்ட சொற்களில் தடுமாற்றம் என்று ஆசிரியர் குறித்துக் கொடுக்கும் ஒரு பக்கம் அவருக்குப் பெரிதும் உதவும்.