மூன்று கோடை கண்ட பர்பன்

பர்பன் என்னும் அமெரிக்க விஸ்கியின் விலை மலிவான பாட்டில் கையில் கிடைத்தால் முதலில் திருப்பிப் பின் லேபிளைப் பாருங்கள். 4 ஆண்டு நிறையாத விஸ்கி என்றால் வயதை எழுதியே ஆகவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதைப் பெருமையாக முன்னால் போடுபவர்கள் குறைவு. பின்னால் பொடி எழுத்தில் ‘36 மாதம்’ என்று ஒதுங்கியிருக்கும். ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற சொல் இருந்தால் குறைந்தது 2 ஆண்டு. பல பீப்பாய்களைக் கலந்திருந்தால், எழுதியிருப்பது அவற்றில் இளையதன் வயது. வயதே எழுதாத ஸ்ட்ரெய்ட் பர்பன் 4 ஆண்டைத் தாண்டியது. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்றிருந்தால் இன்னும் நல்லது: 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, 4 ஆண்டாவது கிடங்கில் வைத்து, 50 சதவீத ஆல்கஹாலில் அடைத்தது.

பர்பன் என்றால் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்கவேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில் வைக்கவேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. (பிஸ்கட்டுக்கும் இதற்கும் பெயர் ஒன்று, அவ்வளவுதான்.) ஆகவே கோப்பையில் தெரியும் செம்பழுப்பு முழுக்க மரம் தந்தது. ஆனால் நிறத்தை வைத்து வயதைக் கணிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பீப்பாய் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கொடுப்பது. மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் தீயில் சிதைந்து முறுகிய சர்க்கரைப் பாகின் மணத்தைத் தருகிறது. லிக்னின் சிதைந்து வெனிலாவும் கிராம்பும் வருகின்றன. ஓக் லாக்டோன்கள் தேங்காய் மணம் தரும். டானின் துவர்ப்பைத் தரும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலக் கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகுகிறது, குளிரில் சுருங்கித் திரும்புகிறது. இந்த வேலை வேகமானது. நிறம் மளமளவென்று ஏறுவது முதல் ஓராண்டில்தான்.

இரண்டாவது வேலை, எடுப்பது. அவித்த சோளமும் முட்டைக்கோஸும் போல நாறும் கந்தகச் சேர்மங்களைக் கரிப்படலம் பிடித்துக்கொள்ளும்; மீதி, மரத்தின் நுண்துளைகள் வழியே மெல்ல ஆவியாகிப் போகும். உள்ளே கசியும் காற்றிலுள்ள ஆக்சிஜன், கூர்மையான மணங்களை மட்டுப்படுத்தும். இதற்கு அவசரம் ஆகாது. மசாலா எண்ணெயில் விழுந்ததும் நிறம் மாறிவிடும், பச்சை வாசனை போக நேரம் பிடிக்கும் அல்லவா, அதே கதை. வழக்கமான 200 லிட்டர் பீப்பாய்க்குப் பதில் 20 லிட்டர் பீப்பாயில் வைத்தால் மரம் சீக்கிரம் இறங்கும், பச்சை வாசனை அப்படியே நிற்கும். நிறம் கருத்து, நாக்கில் பலகைத் துவர்ப்பும் பின்னால் பச்சைச் சோளமும் வந்தால் இந்தக் குறுக்குவழியைச் சந்தேகிக்கலாம்.

சுவைக்க 20 மில்லி போதும். வாய் குறுகிய கோப்பையில், ஐஸ் இல்லாமல் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். குளிரில் மணம் எழாது. ஒயினைப் போல மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் ஆல்கஹால் மூக்கை மரக்கச் செய்துவிடும். கோப்பையை முகவாய் உயரத்தில் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மெல்ல முகருங்கள்.

முதல் மடக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தட்டுகிறது. வழக்கமாகச் சுமார் 42 டிகிரி சூட்டில் விழிக்கும் அது, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்ளும். வாயின் சூடே 37 டிகிரி. எரியாமல் என்ன செய்யும்? காரமான சாப்பாட்டுக்குப் பிறகு சுவைத்தால் எந்த விஸ்கியும் முரடாகத்தான் தெரியும். அரை டீஸ்பூனை நாக்கில் புரட்டி விழுங்கி, ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது மடக்கிலிருந்து கவனியுங்கள்.

இளம் பர்பன் முன்நாக்கில் இனித்து நடுவில் சட்டென்று ஒடியும். பிறகு தானியமும் காட்டமும் மட்டும். பச்சைச் சோளம், பச்சை ஆப்பிள், ஈர மாவு வாசனை வந்தால் வயது போதவில்லை என்று பொருள். நகப்பூச்சு நெடி வேறு: அது எத்தில் அசிட்டேட். ஆண்டு கூடினாலும் அது குறையாது. எனவே அது தூக்கலாக இருந்தால் பழியை இளமை மேல் போடவேண்டாம்.

அடுத்து தண்ணீர். 50 சதவீத விஸ்கி 30 மில்லியில் ஒன்றரை டீஸ்பூன், அதாவது 7.5 மில்லி, தண்ணீர் சேர்த்தால் 40 சதவீதத்துக்கு இறங்கும். இரண்டு பாட்டில்களை ஒப்பிடும்போது இப்படி இரண்டையும் ஒரே சதவீதத்துக்குக் கொண்டுவருவது கட்டாயம். இல்லாவிட்டால் காட்டமானதே ‘கனமானது’ என்று ஜெயித்துவிடும். தண்ணீர் பட்டதும் மணம் விரிந்தால் நல்ல அறிகுறி. வெறும் சோளமாகக் கலைந்தால் அதுவரை காட்டம்தான் மறைத்திருந்தது.

விலைக் கணக்கிலும் இதே விகிதம் உதவும். 750 மில்லி பாட்டிலில் 40 சதவீதம் என்றால் 300 மில்லி ஆல்கஹால். 50 சதவீதம் என்றால் 375. முதலாவது 20 டாலர் என்றால் இரண்டாவதை 25 டாலர் வரை கொடுத்து வாங்கினாலும் கணக்கில் நஷ்டமில்லை, தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். கோலாவிலோ எலுமிச்சையிலோ கலக்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று வயதின் பச்சை வாசனை பெரிதாகத் தெரியாது. கூடுதல் வயதுக்குக் காசு கொடுப்பது வீண். தனியாகக் குடிக்க என்றால், சில டாலர் வித்தியாசத்தில் 4 வயது ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ கிடைக்கும் கடையில் மூன்று வயதுக்காரனை எடுக்கக் காரணமே இல்லை.

குடித்த கோப்பையைக் கழுவாமல் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் ஆல்கஹால் பறந்திருக்கும், அடியில் மெல்லிய படலம் மட்டும் காய்ந்திருக்கும். முகர்ந்தால் பாகும் வெனிலாவும் வந்தால் மீதிப் பாட்டிலைத் தனியாகவே குடிக்கலாம். ஈரச் சோளத்தட்டை வாசனை வந்தால் எலுமிச்சம்பழம் வாங்கி வையுங்கள்.