த்ரெட் பூல்: இழைத் திரட்டு

ஜாவா நிரல்மொழியில் சர்வர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் தினமும் புழங்கும் சொல் த்ரெட் பூல். த்ரெட் என்பது ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் செயலோட்டம். அவற்றில் சிலவற்றை உருவாக்கிச் சேர்த்துவைப்பதுதான் த்ரெட் பூல். இதை ‘இழைக் குளம்’ என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். ஆங்கிலத்தில் அந்த இரண்டாம் பாதியான ‘பூல்’ ஒரே எழுத்தில் எழுதப்படும் இரண்டு சொற்கள். நீர்நிலையைக் குறிப்பது பழைய ஜெர்மானியச் சொல். மற்றது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் நேர்ப்பொருள் கோழி. சூதாட்டத்தில் எல்லோரும் நடுவில் வைக்கும் பந்தயப் பணத்துக்கும் அதே பெயர். பிறகு, பலரும் எடுத்துப் பயன்படுத்தச் சேர்த்துவைத்த எதற்கும் அது ஆகிவந்தது.

பணம் திரட்டுவது என்று நாமும் சொல்கிறோமே! அதனால் ‘இழைத் திரட்டு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. திரள் என்றால் தானாகக் கூடியது. திரட்டு என்றால் ஒருவர் வேண்டுமென்று சேர்த்தது. த்ரெட்டுக்கு இழை என்பது கணித்தமிழில் ஏற்கெனவே பழகிவிட்டது. நூல் என்றால் புத்தகம் குறுக்கே வந்து நிற்கும்.

இழை கிடைக்காத வேலைகள் காத்து நிற்கும் இடம் கியூ. அச்சொல்லின் மூலம் லத்தீனில் வால். வெறும் ‘பணி வரிசை’ என்றால் வேலைகளின் ஒழுங்குமுறை என்றும் படிக்கலாம். ‘காத்திருப்பு வரிசை’ என்றால் குழப்பமில்லை.

இழையைப் புதிதாக உருவாக்குவது செலவு பிடிக்கும் வேலை என்பதால், சிலவற்றை உருவாக்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். இதற்கான த்ரெட்பூல்எக்ஸிகியூட்டர் என்ற கிளாஸ் 2004இல் ஜாவா 5உடன் வந்தது. அதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. அடிப்படை இழைகள் 10, உச்சவரம்பு 50, காத்திருப்பு வரிசை 500 என்று அமைத்திருக்கிறோம் என்று வையுங்கள். எந்த வேலையும் முடியாமல் வந்துகொண்டே இருந்தால், முதல் 10 வேலைகளுக்கு இழை கிடைக்கும். அடுத்த 500 வரிசையில் நிற்கும். 511ஆவது வேலை வரும்போதுதான் பதினோராவது இழை பிறக்கும். அதுவும் வரிசையில் நிற்கும் பழைய வேலையை எடுக்காது, இப்போது வந்த 511ஆவதையே எடுத்து ஓட்டும்! 551ஆவது வேலை நிராகரிக்கப்படும். நிராகரிக்கும்போது என்ன செய்வது என்று வேறு கொள்கை கொடுக்காவிட்டால் எக்ஸெப்ஷன், அதாவது பிழை அறிவிப்பு, விழும்.

ஆக, உச்சவரம்பு வேலைசெய்ய வரிசைக்கு ஓர் எல்லை வேண்டும். மாறாத எண்ணிக்கையில் இழைகள் கொண்ட திரட்டை உருவாக்கும் நியூஃபிக்ஸ்டுத்ரெட்பூல் தரும் வரிசையில் 214 கோடிக்கும் மேல் இடம் இருக்கிறது. அது நிறையாது, அதற்கு முன்பே நினைவகம் தீர்ந்துவிடும். எல்லையுள்ள வரிசையும், நிராகரிக்கும்போது காலர்ரன்ஸ் கொள்கையும் வைப்பது நல்லது. அப்போது வேலையைக் கொடுத்த இழையே அதைச் செய்யவேண்டி வரும், வரத்தும் தானே மட்டுப்படும். டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வர் இந்த முறையையே மாற்றிக்கொண்டது: முதலில் இழைகளை உச்சம்வரை பெருக்கும், அப்புறம்தான் வரிசையில் நிறுத்தும்.

2023இல் ஜாவா 21உடன் நிலைபெற்ற விர்ச்சுவல் த்ரெட்டுகளுக்கு, அதாவது மெய்நிகர் இழைகளுக்கு, திரட்டே தேவையில்லை. அவற்றை உருவாக்க அதிகம் செலவாகாது என்பதால் வேலைக்கு ஒன்றாக உருவாக்கிக்கொள்ளலாம். டேட்டாபேஸ் இணைப்பு போன்றவற்றை மட்டுப்படுத்த, ஒரே நேரத்தில் எத்தனை இழைகள் நுழையலாம் என்று கட்டுப்படுத்தும் செமஃபோர் போதும்.