ஒளி தள்ளும் காற்று

தை மாத இரவில் வாணியம்பாடியை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே மூன்று விண்மீன்கள் வரிசையாகத் தெரியும். நடுவில் இருப்பது அல்நிலாம், வெப்பமான மீப்பெரு விண்மீன். அதிலிருந்து கிளம்பும் வாயு நொடிக்கு 1,500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டுகிறது. இந்த வாயு ஓட்டத்தைத்தான் விண்மீன் காற்று என்கிறார்கள். சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறது. ஆனால் இத்தகைய விண்மீன்கள் இழக்கும் பொருள் அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு.

இந்தக் காற்றைத் தள்ளுவது ஒளி. மேற்பரப்பு வெப்பம் 25,000 டிகிரியைத் தாண்டும்போது புற ஊதா ஒளி பெருக்கெடுக்கும். கார்பன், நைட்ரஜன், இரும்பு அயனிகள் (எலக்ட்ரான் இழந்த அணுக்கள்) தத்தமக்குரிய அலைநீளங்களில் மட்டும் அதை விழுங்கி, வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். கீழே உள்ளவையே அதை விழுங்கிவிட்டால் மேலே இருப்பவற்றுக்கு என்ன மிஞ்சும்? மேலே உள்ளவை ஏற்கெனவே வேகமாக விலகிக்கொண்டிருக்கின்றன. விலகிச் செல்லும் பொருளுக்கு ஒளியின் அலைநீளம் நீண்டு தெரியும்; இந்த டாப்ளர் விளைவால் அவை விழுங்குவது சற்று நீலப்பக்கம் தள்ளியிருக்கும் ஒளி, அதாவது கீழே எதுவும் தொடாத ஒளி. வேகம் கூடக் கூடப் புது ஒளி கிடைக்கும், கிடைத்த ஒளியால் வேகம் இன்னும் கூடும். 1975-ல் காஸ்டர், ஆபட், கிளைன் என்ற வானியற்பியலாளர்கள் மூவரும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வானியற்பியலில் இவ்வளவு அழகான விளக்கங்கள் குறைவு என்றே சொல்வேன்.

இதே காரணத்தால்தான் காற்று சீராக வீசுவதும் இல்லை. எங்காவது ஒரு திரள் கொஞ்சம் முந்தினால் அதற்குக் கூடுதல் ஒளி கிடைத்துவிடும். அது முன்னே செல்லும் வாயுவில் மோதும், எக்ஸ் கதிர்கூடக் கிளம்பும்.

சரி, இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? நிறமாலையில்தான், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பதில். ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்குரிய இடங்களில் கோடு பதிக்கும். ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர், பழைய வட ஆற்காட்டு ஊர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதில் நிறமாலைமானியும் உண்டு. நம்மை நோக்கி வரும் வாயு, கோட்டின் நீலப்பக்கத்தில் பள்ளம் பறிக்கும், அங்கே ஒளி குறையும். சுற்றிலும் பரவும் வாயு மேடு எழுப்பும், அங்கே ஒளி கூடும். ரைகல் விண்மீனின் சிவப்பு ஹைட்ரஜன் கோடு ஒரு சமயம் மேடாக இருக்கும், சில நாள் கழித்துப் பள்ளமாகும்.

காவலூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. லண்டனிலிருந்து பார்க்கவே முடியாத சீட்டா பப்பிஸ் என்ற வெப்பமான விண்மீன் இங்கே நன்றாக மேலேறும். அதன் ஹீலியம் கோடு 1.78 நாளுக்கு ஒருமுறை மாறி மாறி வருகிறது. மேற்பரப்பில் உள்ள பிரகாசமான திட்டுகள் விண்மீனோடு சுழன்று, காற்றில் சுருள் போன்ற அடர்ந்த கைகளை உண்டாக்குவதே காரணம் என்கிறார்கள். ஆனால் ஓர் ஊரிலிருந்து மட்டும் பார்த்தால் பகல் முழுக்கப் பதிவு விட்டுப்போகும், அப்புறம் வடகிழக்குப் பருவமழை மேகமும் வரும். அதனால்தான் இந்தச் சுழற்சியைப் பிடிக்கப் பல இரவுகளின் பதிவும், வேறு தீர்க்கரேகைகளில் இருக்கும் தொலைநோக்கிகளின் துணையும் வேண்டியிருக்கிறது.