கதவு எண் 217

டாவ் என்று ஒரு புரதம். மூளையின் நரம்பணுக்களுக்குள் சரக்குப் போய்வர நுண்குழாய்கள் இருக்கின்றன. அவை குலையாமல் பிடித்து நிறுத்துவது இதன் வேலை. முழு நீள டாவில் 441 அமினோ அமிலங்கள் மாலைபோல் கோத்திருக்கும். ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 217ஆவது மணி, திரியோனைன். நினைவைக் கரைக்கும் அல்சைமர் நோயில் அந்த மணியின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்வது வெகுவாகக் கூடுகிறது. அப்படி ஒட்டிய துண்டுகளில் துளியூண்டு ரத்தத்துக்கும் வந்து சேர்கிறது. இன்றைய அல்சைமர் ரத்தப் பரிசோதனைகளில் முன்னணியில் இருப்பது அந்தத் துளியூண்டைத்தான் தேடுகிறது. அதன் பெயரிலேயே கதவு எண் இருக்கிறது: பி-டாவ் 217.

துளியூண்டு என்றால் எவ்வளவு? ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் ரத்த நீரில், பெரும்பாலும் ஒரு பிகோகிராம்கூடத் தேறாது. பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சர்க்கரை நோய்க்கு எச்பிஏ1சி பார்க்க எடுப்பார்களே, அதே ஊதா மூடிக் குழாயில்தான் இதற்கும் ரத்தம் எடுக்கிறார்கள். சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்ததும், நுண்ணிய காந்த மணிகளை அதில் கலக்கிறார்கள். மணிகளின் மேல் ஓர் ஆன்டிபாடி பூசியிருக்கும். டாவ் துண்டை அது கவ்விப் பிடிக்கும். காந்தத்தால் மணிகளை ஓரமாக இழுத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழுவி விடலாம். அடுத்து இரண்டாவது ஆன்டிபாடி, அதே துண்டின் இன்னோர் இடத்தைப் பிடிக்கிறது. இரண்டில் ஒன்று, 217இல் பாஸ்பேட் இருந்தால்தான் பிடிக்கும். இரண்டாவதின் தோளில் ஒரு நொதி உட்கார்ந்திருக்கும். அதற்கு உரிய ரசாயனத்தை ஊற்றினால் ஒளி பிறக்கும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு பி-டாவ். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் கோடு விழுவதும் இதே இருபக்கப் பிடிதான். இங்கே இரை மிகமிகக் குறைவு, அவ்வளவே.

அல்சைமரில் மூளைக்குள் முதலில் படிவது அமிலாய்டு என்ற இன்னொரு புரதம் ஆயிற்றே, அதையே ரத்தத்தில் அளக்கக் கூடாதா என்று கேட்கலாம். அளந்து பார்த்தார்கள். 42 அமினோ அமிலக் கண்ணிகள் கொண்ட அமிலாய்டு மூளையில் திட்டாகப் படியப் படிய, தண்டுவட நீரில் அதன் அளவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். ரத்தத்தில் அந்த இறக்கம் சுமார் பத்து சதவீதம்தான். ரத்தத்தட்டுகள் உட்பட உடம்பின் மற்ற பாகங்களும் அமிலாய்டைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன; மூளையின் கணக்கு அதில் கரைந்துபோகிறது. பி-டாவ் 217 அப்படியில்லை, மடங்குக் கணக்கில் ஏறுகிறது. அதிலும் ஒரு வேடிக்கை: டாவ் சிக்குண்டு திரளும் முடிச்சுகள் பெட் ஸ்கேனில் (கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் படம்) தெரிவதற்கு முன்பே, அமிலாய்டு படியத் தொடங்கிய காலத்திலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது. பெயர் டாவ், துப்புக் கொடுப்பது அமிலாய்டுக்கு.

1906இல் அலோயிஸ் அல்சைமர் இந்தத் திட்டுகளையும் முடிச்சுகளையும் பார்த்தது, இறந்துபோன நோயாளியின் மூளையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துத்தான். பிறகு நெடுங்காலம் பிரேதப் பரிசோதனைதான் கடைசி வார்த்தை. உயிரோடிருக்கும்போதே பார்க்க முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கும் முறை வந்தது, அமிலாய்டு பெட் ஸ்கேன் வந்தது. முதலாவதற்குப் பலர் பயந்தார்கள். இரண்டாவதன் செலவு பலருக்கு எட்டவில்லை.

இவையெல்லாம் இல்லாமல், பேசிப் பார்த்து, நினைவாற்றல் தேர்வு வைத்து, சி.டி. ஸ்கேன் எடுத்து மருத்துவர் சொல்வது எவ்வளவு சரி? ஸ்வீடனில் 1213 பேரிடம் இதைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 74. அல்சைமரா இல்லையா என்று சொல்வதில் ஆரம்ப சுகாதார மருத்துவர்கள் 61 சதவீதம் சரி. மறதிநோய் நிபுணர்களே 73 சதவீதம்தான். ரத்தப் பரிசோதனை சுமார் 91. அந்த 73ஐத் திறமைக் குறைவு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வெளியில் தெரியும் மறதியை மட்டும் வைத்து உள்ளே படிந்திருப்பதைச் சொல்வதற்கு அவ்வளவுதான் எல்லை.

2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ இவ்வகையில் முதல் ரத்தப் பரிசோதனையை அனுமதித்தது, ஃபூஜிரெபியோ நிறுவனத்தின் லூமிபல்ஸ். அது பி-டாவ் 217ஐ அமிலாய்டு 42ஆல் வகுக்கிறது. ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. வகுத்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். 499 பேரின் மாதிரிகளில், பாசிட்டிவ் வந்தவர்களில் 91.7 சதவீதத்தினருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமிலாய்டு உறுதியானது. நெகட்டிவ் வந்தவர்களில் 97.3 சதவீதத்தினருக்கு இல்லை என்று உறுதியானது. இருபது சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு இரண்டுமில்லாத நடுமதிப்பு. இந்த நடுப்பட்டை வேண்டுமென்றே வைத்தது. ஒரே கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தால் கோட்டருகே நிற்பவர்களிடம் பிழை குவியும். அதனால் இரண்டு கோடு. நடுவில் மாட்டியவர் ஸ்கேனுக்கோ முதுகு ஊசிக்கோ போக வேண்டியதுதான்.

அனுமதியிலேயே இரண்டு நிபந்தனை: 55 வயது ஆகியிருக்க வேண்டும், அறிகுறி இருக்க வேண்டும். "அப்பா நல்லாத்தான் இருக்கார், எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமே" என்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். கணக்குப் போட்டே பார்க்கலாம். நோய் இருப்பவரில் 90 சதவீதத்தையும் இல்லாதவரில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் பரிசோதனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நினைவு மருத்துவமனைக்கு வந்த நூறு பேரில் அறுபது பேருக்கு அல்சைமர் என்றால், 54 பேர் சரியாகப் பாசிட்டிவ், 4 பேர் தவறாக. பாசிட்டிவ் என்றால் நம்பலாம். அதே பரிசோதனையை, பத்துப் பேருக்கு மட்டுமே நோயுள்ள நூறு பேரிடம் செய்தால் சரியான பாசிட்டிவ் 9, தவறானதும் 9. காசு சுண்டிப் பார்ப்பது போலாகிவிடும். குழாயும் கருவியும் மாறவில்லை, வரிசையில் நின்றவர்கள்தான் மாறினார்கள்.

எண்ணை ஏமாற்றும் சங்கதிகள் வேறு உண்டு. சிறுநீரகம் பழுதானால் பி-டாவ் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி, இல்லாத நோயைக் காட்டலாம். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் நிறைந்த நம்மூரில், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் பார்க்காமல் இந்த எண்ணைப் படிப்பது ஆபத்து. உடல் பருமன் எதிர்த்திசையில் இழுத்து அளவைக் குறைத்துக் காட்டும். பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அல்சைமர் நோயாளிகளைவிட அதிகமாகப் பி-டாவ் 217 இருப்பதாக 2025இல் ஓர் ஆய்வு வந்தது. வளரும் மூளைக்கு அந்தப் பாஸ்பேட் கெடுதல் செய்வதில்லை போலும். ஏன் என்பது பெரிய கேள்வி.

பரிசோதனை சொல்லும் விடையும் வீட்டார் கேட்கும் கேள்வியும் ஒன்றல்ல என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய சிக்கல். எழுபது வயதில் நினைவு தெளிவாக இருப்பவர்களிலும் சுமார் நாலில் ஒருவருக்கு மூளையில் அமிலாய்டு இருக்கிறது. ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 76 வயது. இரண்டு வாரமாகத்தான் தடுமாற்றம். இரவில் எழுந்து அலமாரியைத் திறந்து கழிப்பறை என்கிறார். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். அமிலாய்டு பொய்யில்லை, ஆனால் அது பல வருடமாகச் சேர்ந்தது. இரண்டு வாரத்தில் இப்படி ஆளைப் புரட்டிப்போடாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையை மேசையில் கொட்டினால், அடிக்கடி சிறுநீர் போவதற்காகப் போன மாதம் ஆரம்பித்த ஆக்ஸிபியூட்டினின் அட்டை கிடக்கிறது. வயதானவர்களைக் குழப்பத்தில் தள்ளும் என்று பேரெடுத்த மருந்து. பி12, தைராய்டு அறிக்கைகள் இன்னும் வரவில்லை. மருத்துவர் முதலில் அந்த அட்டையை எடுத்துத் தனியே வைக்கிறார், இரண்டு வாரம் கழித்து அழைத்து வரச் சொல்கிறார்.